மஞ்சள் பக்கத்துக் கைகள்

பர்சானாவுக்கு அடங்கிய நிறங்கள் ஆகாது. போடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் கணவன் ஹக்கீம் நடத்தும் ஃபிளெக்ஸ் கடையில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் வடிவமைப்பது அவள் பிழைப்பு. மாதத்தில் பத்து நாள் ‘மலையோரம்’ இதழுக்குப் பக்கம் அமைப்பதுதான் அவள் ஆசைப்பட்டுச் செய்யும் வேலை. தலைப்பை அச்செழுத்தில் கோக்காமல் தூரிகையால் தானே எழுதுவாள். மை தீர்ந்து மயிர் பிரிந்து இழுபட்ட இடங்களை அழிக்கமாட்டாள். தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய கட்டுரைக்கு ஒரு பக்கம் முழுக்கச் செங்காவி அடித்து, நடுவில் கரிக்கட்டியால் ஒரு குடத்தைக் கிறுக்கி வைத்தாள். பால்வாடிப் பிள்ளை வரைந்தது போல இருக்கிறது என்று வாசகர் கடிதம் வந்தது. ஆசிரியர் ஜோயல் அந்தக் கடிதத்தை அடுத்த இதழிலேயே போட்டு, அவள் பக்கம் நின்று பதிலும் எழுதினார். கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, கைக்காசைப் போட்டு ஆறு வருடமாக இதழ் நடத்துகிறவர். அவர்மேல் அவளுக்கு மரியாதை இருந்தது.

சென்ற ஆடியில் ஜோயல் ஒரு கட்டுரை எழுதினார். ராசிங்காபுரம் பக்கமிருந்து விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் பெண்களைப் பற்றியது. மருந்தடித்த ஈரம் காயுமுன்னே அவர்களைக் காய் எடுக்க இறக்கிவிடுகிறார்கள். கைத்தோல் உரிந்து, நகம் கறுத்து விழுகிறது. கட்டுரை நன்றாக வந்திருந்தது. படம் மட்டும் கிடைக்கவில்லை. போட்டோ எடுத்தால் அடையாளம் தெரியும், மறுநாள் ஜீப்பில் இடம் இருக்காது என்று ஒருத்தி பாக்கியில்லாமல் மறுத்துவிட்டார்கள். கையை வரைந்துகொள்ளட்டுமா என்று கேட்கச் சொல்லி பர்சானாதான் யோசனை கொடுத்தாள். கையில் என்ன பேரா எழுதியிருக்கிறது என்று சொல்லி ஜக்கம்மாள் மட்டும் ஒத்துக்கொண்டாள்.

ஐம்பதைத் தொடப்போகிற, எலும்பும் தோலுமான பெண் ஜக்கம்மாள். பர்சானா அவள் வீட்டுக்குப் போனபோது ஜீப் அப்போதுதான் இறக்கிவிட்டிருந்தது. சேலையிலிருந்து ஒரு வாடை வந்தது. மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் சேர்ந்தது போல. மூச்சைப் பிடித்துக்கொண்டே பர்சானா தாளை விரித்தாள். ஜக்கம்மாள் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தாள். உள்ளங்கையில் தோல் வெங்காயச் சருகு மாதிரி கிளம்பியிருந்தது. வலது ஆட்காட்டி விரலில் நகமே இல்லை. இருந்த இடத்தில் ஊதாவும் மஞ்சளுமாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. இந்தக் கையோடுதான் அவள் சோறு பிசைய வேண்டும் என்று தோன்றியதும் பர்சானாவுக்கு வாயில் எச்சில் ஊறிப் புளித்தது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகாமல் வரைந்தாள்.

ஒரு நாள் அவர்களோடு ஜீப்பிலும் ஏறினாள். கடைசி வளைவு தாண்டும்வரை அவள் மடியில் இரண்டு பேருடைய சோற்றுத்தூக்கு இருந்தது. தோட்டத்தில் இந்த வரிசையில் பெண்கள் செடியடியில் குந்திச் சரத்திலிருந்து காய் எடுத்துக்கொண்டிருக்க, அடுத்த வரிசையில் இரண்டு ஆள்கள் மருந்தடித்துக்கொண்டு போனார்கள். புகை போலத் தூவல் இவர்கள் முதுகில் இறங்கியது. பதினோரு மணிக்குக் குடிக்கத் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்த டப்பாவின் பக்கவாட்டில், சாய்த்து வைத்த சதுரம் போல ஒரு முத்திரை. அதன் கீழ்ப்பாதி பளிச்சென்ற மஞ்சள். மேல்பாதியில் விஷம் என்று எழுதியிருந்தது. மூணு தடவ கழுவியாச்சு, சும்மா குடிங்க என்று மேஸ்திரி சொன்னான். பெண்கள் குடித்தார்கள். பர்சானாவுக்கும் ஒரு தம்ளர் நீட்டினார்கள். அவள் வாங்கி, அவர்கள் பார்க்காதபோது செடியடியில் ஊற்றினாள்.

வீடு திரும்பும்போது கண்ணை மூடினாலும் அந்த மஞ்சள்தான் தெரிந்தது. எந்த நிறத்தில் பக்கம் அமைப்பது என்ற யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று. எதிரெதிரான இரண்டு பக்கங்களை விளிம்புவரை அந்த மஞ்சளால் நிரப்பினாள். அச்சகத்துக்காரரிடம் வேறு நிறம் துளிகூடக் கலக்கக் கூடாது, முழு மஞ்சள், அதன்மேல் கறுப்பு மட்டும் என்று மூன்று தடவை போன் பண்ணிச் சொன்னாள். காய்ந்த தூரிகையால் வரைந்த இரண்டு கைகள் பக்கம் முழுக்கக் கிடந்தன. தோல் கிளம்பிய இடமெல்லாம் தூரிகையின் பிசிறு. நகமில்லாத விரலில் மட்டும் மை ஒரு சொட்டாகத் தேங்கியிருந்தது. எழுத்தே இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால்தான் கட்டுரை.

இதழ் வந்த வாரம் அவள் போன் ஓயவில்லை. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் பேசினார்கள். ஒரு ஓவியக் கல்லூரியில் மாணவர்களுக்குக் காட்டினார்களாம். பர்சானா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வாள். அந்த மைச்சொட்டு எவ்வளவு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள்.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், சாப்பாடு கொண்டுவந்தவள் கடை மேசையில் மாதிரிக்குச் செய்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பார்த்தாள். ஏலக்காய் வைத்துக் கொடுக்கும் பரிசுப்பெட்டி. மேல்மூடியில் இளம்பச்சையும் தங்கமும். நடுவில் இரண்டு கைகள் ஏந்தியபடி இருக்க, அவற்றில் காய் குவிந்திருந்தது. கைகள் கோதுமை நிறம். உள்ளங்கையில் மருதாணிக் கோலம். மணிக்கட்டில் டஜன் கண்ணாடி வளையல். கீழே ‘தாயின் கை தொட்ட ஏலம்’ என்று வளைவாக எழுதியிருந்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு சுண்டுவிரல் சற்று வெளியே கோணி நின்ற விதம் கண்ணில் பட்டது. ஜக்கம்மாளின் சுண்டுவிரல். அவள் இழுத்த கோடு. பிசிறுகளை மழித்து எடுத்திருந்தார்கள். ஆட்காட்டி விரலில் ரோஸ் நிறத்தில், பிறை விழுந்த, பளபளப்பான ஒரு நகம் முளைத்திருந்தது.

தூக்குவாளியை வைத்துவிட்டு அவள் கடைக்குப் பின்னால் போய்க் குழாயடியில் குனிந்தாள். வெறும் பித்தநீர்தான் வந்தது.

திரும்பி வந்து, யார் செய்தது என்று ஹக்கீமிடம் கேட்டாள். அவன் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, தான்தான் செய்ததாகச் சொன்னான். ஜோயல் சார் அனுப்பினார். ஏலக்காய்க் கம்பெனி தங்கபாண்டியன் முதலாளிக்கு அவசரச் சோலி என்றார். மூன்று நாளாக உட்கார்ந்து செய்தது.

“நான் வரஞ்சதுன்னு தெரியும்ல உங்களுக்கு?”

“தெரியாம என்ன. உங்கிட்ட அனுமதி வாங்கிட்டாகன்னு நெனச்சேன். கை கறுப்பா இருக்கு, வெளுத்துக் குடுங்கன்னாக. வெளுத்தேன்.”

“அந்த நகம்?”

“அங்க நகம் இல்ல பர்சானா. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. என் நகத்தையே போட்டோ எடுத்து ஒட்டுனேன்.” அவன் விரலை நீட்டிக் காட்டினான். நல்ல மனுஷன், யாரையும் ஏமாற்றத் தெரியாதவன். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக அவன் கையைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அன்று அவன் சாப்பிட்ட தட்டை அவள் எடுக்கவில்லை. அவனே கழுவி வைத்தான்.

ஜோயல் ஒளிக்கவில்லை. தாள் விலை ஏறிவிட்டது, இரண்டு இதழ் கடனில் வந்தது, ஒரு வருடத்துக்குப் பின்னட்டை விளம்பரம் தருகிறேன் என்று தங்கபாண்டியன் தானாக வந்து சொன்னார், பதிலுக்கு அந்தப் படம் ஒன்றுதான் வேண்டும் என்றார், இதழில் வந்த படம் இதழுக்குச் சொந்தம்தானே என்று நிதானமாக அடுக்கிக்கொண்டே போனார். கட்டுரை எழுதிய அதே குரல். நடுவில் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். உள்ளே காய்கள் ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல், கண்ணைக் கூசுகிற பச்சையில் இருந்தன. இந்தப் பச்சை செடியில் காய்ப்பதில்லை என்பது போடியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பர்சானா ஒன்றை எடுத்து ஈரவிரலால் தேய்த்தாள். விரல் பச்சையாயிற்று. அதை ஜோயலுக்குக் காட்டினாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“இதழ் நின்னு போச்சுன்னா அவங்களப் பத்தி எழுத ஆளே இல்ல, பர்சானா. அதையும் யோசி.”

“எழுதிட்டுத்தான் வித்தீகளே அண்ணே,” என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள்.

தங்கபாண்டியனையும் போய்ப் பார்த்தாள். ஏலச் சந்தைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். உள்ளே அத்தரும் அறையில் தெளித்த வாசனையும் கலந்து திகட்டியது. வெள்ளைச்சட்டை மனிதர் எழுந்து நின்று வரவேற்று, டீ சொன்னார். அவள் கைவண்ணத்தைப் புகழ்ந்தார். இவ்வளவு திறமையை ஏன் ஃபிளெக்ஸ் கடையில் வீணாக்குகிறாய், என் கம்பெனிக்கே வந்துவிடேன் என்றார். பேசும்போது ஒரு ஏலக்காயைக் கடித்து, தோலை நுனிநாக்கால் தள்ளித் தட்டில் துப்பினார். தட்டில் ஏற்கெனவே ஏழெட்டுத் தோல் எச்சிலோடு கிடந்தது.

எத்தனையோ ஓவியர்கள் இருக்க என் படம் எதற்கு என்று அவள் கேட்டாள்.

அவர் சிரித்தார். “அந்த மஞ்சப் பக்கம் வந்தப்ப எனக்கு நாலு பேர் போன் போட்டான், பாப்பா. தோட்டத்துப் பேரு போடலதான். ஆனா மேல இருக்கவனுக்குத் தெரியும் அது யார் தோட்டம்னு. நான் கோபப்படல. கேஸு கீஸுன்னு போனா படம் இன்னும் பரவும். இப்ப பாரு, அந்தக் கையப் பாத்தா எவனுக்கும் என் பெட்டிதான் ஞாபகம் வரும்.” இன்னொரு காயை எடுத்து வாயில் போட்டார். “படத்தக் கிழிச்சா அது பகை. வளையல் போட்டு விட்டா அது விளம்பரம்.”

டீ வந்தது. அவள் தொடவில்லை. கதவைத் திறக்கும்போது அவர் தொட்ட கைப்பிடியைத் தொட மனமில்லாமல் முந்தானையால் பிடித்துத் திறந்தாள்.

பெட்டி விற்பனைக்கு வருமுன் ஜக்கம்மாளிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பது, அவள் வைவது, தான் வாங்கிக்கொள்வது என்றெல்லாம் பஸ்சில் மனசுக்குள் ஓடியது. ஜக்கம்மாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“நகம் நல்லாத்தான் வச்சிருக்காக,” என்றாள்.

பர்சானா தான் வரைந்ததை இப்படிக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். மஞ்சள் நிறத்தை எதற்காக எடுத்தாள், கோட்டில் பிசிறை எதற்காக விட்டாள் என்பதையெல்லாம் சொன்னாள். ஜக்கம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணு சொல்லவா தாயி? அன்னைக்கு நீ வரைஞ்சப்பவும் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. மூக்கச் சுளிச்சுக்கிட்டே வரைஞ்ச. ஒருக்கா கூட வலிக்குதான்னு கேக்கல. அப்பறம் புஸ்தகம் கொண்டாந்து காட்டுனப்ப சொட்டு நல்லா விழுந்திருக்குன்ன. அது என் நகம்ல.” அவள் குரலில் சூடே இல்லை. “அவுக வளையல் போட்டாக. நீ போடல. அம்புட்டுத்தான்.”

பர்சானாவுக்கு முகத்தில் சாணியை அப்பியது போலிருந்தது. கடையில் சட்டம் போட்டு மாட்டியது ஞாபகம் வந்தது. செடியடியில் ஊற்றிய தண்ணீர் ஞாபகம் வந்தது. தான் குடிக்காததை அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்று, நல்ல நிறம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுத் திரும்பியவள் அவள்தான். பெட்டியைப் பார்த்து வந்த குமட்டலைவிட இது மோசமாக இருந்தது. குழாயடியில் குனிந்து துப்பிவிட்டு வர முடியாத குமட்டல்.

அந்தக் கைகளைப் பார்த்து, வலிக்குதா அக்கா என்று கேட்டாள்.

“பின்ன,” என்றாள் ஜக்கம்மாள். கேட்டுவிட்டாளே என்பதற்காக, அரிப்பு எப்போது வரும், கண் எப்போது எரியும், யாருக்கு மாதாமாதம் தலைசுற்றல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்ன செய்யணும்கிறீங்க என்று பர்சானா கேட்டாள். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. மருந்தடித்த இடத்தில் மூன்று நாள் கழித்து இறக்கணும். குடிதண்ணீர் வேறு டப்பாவில் வரணும். சாப்பிடும் முன்னே கைகழுவச் சோப்பும் தண்ணீரும் வேணும். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சொன்னால் மறுநாள் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள், அதுதான் சங்கதி. ஒருத்தி சொன்னால் ஏற்றமாட்டார்கள். எல்லா ஜீப்பும் சொன்னால் காய் எடுக்க யார் இருக்கிறார்கள் என்று அவளே சொல்லி, அவளே யோசனையில் ஆழ்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜக்கம்மாளோடு ஜீப்பில் போகும் ஆயம்மாள் வீட்டு முற்றத்தில் முப்பது பெண்கள் கூடினார்கள். பர்சானா கடையிலிருந்து வெள்ளைத் தாளும் பட்டை மார்க்கரும் கொண்டுபோயிருந்தாள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் டப்பா வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டார்கள். ஒருத்தி சோப்புக்கட்டி வரைந்தாள். அது செங்கல் மாதிரி வந்தது. எழுத்துக்கள் கோணியும் சரிந்தும் கிடந்தன. பர்சானாவின் கை தன்னாலே ஒன்றிரண்டைத் திருத்தப் போனது. இழுத்துக்கொண்டாள்.

ஜீப்பில் கட்டப்போகும் பேனருக்குப் பின்புலம் மஞ்சளாக இருக்கட்டுமா என்று கேட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த டப்பாவுல இருக்க மஞ்சளா, அதைப் பார்த்தாலே குடல் புரட்டுதே என்று ஒருத்தி சொன்னாள். வேறு என்ன வேணும் என்று பர்சானா கேட்டாள்.

“ராணிக் கலரு,” என்றாள் ஜக்கம்மாள். “எழுத்து பச்சை. கிளிப்பச்சை.”

அடர் ரோஸான ராணிக் கலரில் கிளிப்பச்சை எழுத்து என்றதும் பர்சானாவுக்குப் பல் கூசியது. கண்ணில் அதிரும், வாசிக்கவே முடியாது, காதுகுத்து பேனருக்குக்கூட அவள் இப்படிச் செய்யமாட்டாள். அப்படியே எழுதிக்கொண்டாள். ஹக்கீம் கடையில் எட்டு பேனர் அடித்தான். தங்கபாண்டியன் கம்பெனி வேலை இனி வராது என்று அவனுக்குத் தெரியும். அவள் கேட்குமுன்னே ஓரம் மடித்து வளையமும் அடித்து வைத்திருந்தான். அதற்காக அவள் அவனிடம் பேசத் தொடங்கிவிடவில்லை. மறுநாள் தட்டை எடுத்தாள்.

ஜீப்காரர்கள் பயந்தார்கள். சின்ராசு ஒருவன்தான், கட்டுங்க பாப்போம் என்று பின்கதவைக் காட்டினான். நாலாம் நாள் ஐந்து ஜீப்பில் பேனர் தொங்கியது. சாம்பல் பனியில் போடிமெட்டு வளைவுகளில் அந்த ராணிக் கலர் கீழ் வளைவிலிருந்து பார்த்தாலே தெரிந்தது என்று சின்ராசு வந்து சொன்னான். சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அது போனுக்குப் போன் பரவி, ஒரு தொழிலாளர் துறை அதிகாரி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்.

தண்ணீர் டப்பா மாறியது. சோப்பு இரண்டு தோட்டத்தில் வந்தது. ஒன்றில் ஒரு மாதம் கழித்து நின்றும் போனது. மூன்று நாள் கேட்டதற்கு ஒரு நாள் கொடுத்தார்கள், அதுவும் அதிகாரி வந்துபோகும் காலம்வரை. ஜக்கம்மாளைப் பதினைந்து நாள் எந்த ஜீப்பும் ஏற்றவில்லை. பதினாறாம் நாள் காய் எடுப்புக்கு ஆள் பற்றாமல் மேஸ்திரியே வீட்டுக்கு வந்து கூப்பிட்டான். தங்கபாண்டியனின் பெட்டி பொங்கலுக்கு நன்றாக விற்றது. மதுரையில், சென்னையில், விமான நிலையத்துக் கடையில்கூட வைத்திருக்கிறார்களாம்.

மாசியில் ஜோயல் போன் செய்தார். இதழைப் பற்றி, தாள் விலையைப் பற்றி, இருமலைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, அந்த பேனரை அட்டைப்படமாகப் போட வேண்டும் என்றார். இவ்வளவு துணிச்சலான நிறச்சேர்க்கையை அவளிடமிருந்தே அவர் எதிர்பார்க்கவில்லையாம். கோணல் எழுத்தில் என்ன உயிர் என்றார்.

“அது எனக்குப் பிடிக்கலண்ணே,” என்றாள் பர்சானா. “எனக்குப் பாக்கவே சகிக்கல. அவங்க கேட்டாக, அடிச்சுக் குடுத்தோம். உங்களுக்கு வேணும்னா ராசிங்காபுரத்துக்குப் போய் அவங்ககிட்டக் கேளுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜீப்பு வரும். கை கழுவுறவரைக்கும் வெளிய நில்லுங்க.”

ஜோயல் சரி என்றார். அவர் போனாரா என்று அவள் விசாரிக்கவில்லை.